ஒரே கஷாயத்துக்கு 50 டாலரும் 7,000 டாலரும்: தாவர மருந்து ரிட்ரீட்டின் பணம் எங்கே போகிறது

பெருவில் புகால்பா நகரத்தை ஒட்டிய கிராமங்களில், ஷிபிபோ பழங்குடி வைத்தியர் ஒருவரின் வீட்டில், மனமயக்கம் தரும் அயவாஸ்கா கஷாயத்தைக் குடிக்கும் ஓர் இரவுச் சடங்கில் உட்கார ஏறத்தாழ 50 டாலர் ஆகும். சில இடங்களில் அதற்கும் குறைவு. கோஸ்டா ரிக்காவில் கடற்கரைப் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் ஒரு வாரம் தங்கி அதே அயவாஸ்காவைக் குடிக்க 4,000 டாலர், 5,000 டாலர் கேட்கிறார்கள். நல்ல அறை வேண்டுமென்றால் 7,000 வரைகூடப் போகிறது. இரண்டு இடத்திலும் கோப்பைக்குள் இருப்பது ஒன்றுதான். பானிஸ்டெரியோப்சிஸ் காப்பி என்ற கொடியையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் மணிக்கணக்கில் கொதிக்க வைத்து இறக்கிய கசப்பான கஷாயம்.

இப்படித் தங்கிக் குடிக்கும் முகாம்களான ரிட்ரீட்டுகளின் விலைப் பட்டியலைப் பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். "விலை அதிகம், அதனால் பாதுகாப்பு அதிகம்" என்பது ஒன்று. "விலை குறைவு, அதனால் இதுதான் அசல்" என்பது இன்னொன்று. இரண்டையும் நான் நம்பவில்லை. இந்தச் சந்தையில் விலை என்பது பல தனித்தனிச் செலவுகளின் கூட்டுத்தொகை. அவற்றில் சில உங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டவை, சில உங்கள் மெத்தையோடு சம்பந்தப்பட்டவை. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் எது எவ்வளவு என்று தெரியாது. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில், செடியின் விலையை ஒதுக்கி வைத்துவிடலாம். நெதர்லாந்து இதற்கு நல்ல சாட்சி. அங்கே 2008 டிசம்பரில், இதே போல மனமயக்கம் தரும் சைலோசைபின் காளான்களைத் தடை செய்தார்கள். ஆனால் அந்தக் காளானின் மண்ணுக்கடியில் வளரும் கட்டியான ட்ரஃபிள் தடைப் பட்டியலில் சேரவில்லை. இன்றும் கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள், ஒருவருக்கான பொட்டலம் 20 யூரோவைச் சுற்றி இருக்கும். அதே ட்ரஃபிளைக் கொடுக்கும் மூன்று நாள் ரிட்ரீட்டுக்கு 1,000 முதல் 2,500 யூரோ. இரட்டிப்பு அளவு கொடுத்தாலும் பொருளின் பங்கு நூற்றுக்கு நாலைத் தாண்டாது. அறுவை சிகிச்சை பில்லில் கத்தியின் விலையைத் தேடுவது போலத்தான் இது. அயவாஸ்காவிலும் கதை அதேதான். கொடி முற்ற நாலைந்து வருடம் ஆகும், பெருவின் அமேசான் நகரமான இகிடோஸைச் சுற்றி தேவை கூடியதால் வெட்டுபவர்கள் காட்டுக்குள் மேலும் தூரம் போக வேண்டியிருக்கிறது, அதனால் விலையும் ஏறியிருக்கிறது. உண்மைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசத்தை அது விளக்காது.

அப்படியானால் எது விளக்கும்?

எத்தனை பேருக்கு எத்தனை பேர்

என் பார்வையில் விலையை நியாயப்படுத்தும் மிகப் பெரிய செலவு ஆட்கள். சடங்கு இரவில் எட்டு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, பின்னிரவு வரை போகும். குடித்தவர்களுக்கு வாந்தி வரும், சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலரால் எழுந்து நிற்கக்கூட முடியாது. ஒருவர் பயந்து கத்துவார், இன்னொருவர் இருட்டில் எழுந்து காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிப்பார். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள, குடிக்காமல் தெளிவாக விழித்திருக்கும் ஆட்கள் வேண்டும். வைத்தியர் இக்காரோ என்ற சடங்குப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போவது அவர் வேலையில்லை, அதற்கு வேறு ஆள் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனைக் கணக்குதான். முதல் மையத்தில் 12 பேர், வாரத்துக்கு ஆளுக்கு 1,800 டாலர், மொத்த வரவு 21,600. அங்கே இரண்டு வைத்தியர்கள், நாலு உதவியாளர்கள். அதாவது இரண்டு பேருக்கு ஒருவர். இரண்டாவது மையத்தில் 60 பேர், ஆளுக்கு 4,500, மொத்த வரவு 2,70,000. அங்கே வைத்தியர், உதவியாளர் எல்லாம் சேர்த்து 12 பேர். ஐந்து பேருக்கு ஒருவர். இரண்டரை மடங்கு பணம் கொடுத்தவருக்குக் கிடைக்கும் கவனிப்பு பாதியைவிடக் குறைவு. மிச்சப் பணம் நீச்சல் குளத்துக்கும், விளம்பரத்துக்கும், நிலத்தின் விலைக்கும், முதலீட்டாளருக்கும் போகிறது. பெரிய மையங்கள் எல்லாமே இப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் தலைக்கணக்கைக் கேட்காமல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

கேட்கும்போதும் கொஞ்சம் குறிப்பாகக் கேட்க வேண்டும். "உங்களிடம் எத்தனை ஊழியர்கள்?" என்றால் சமையல்காரர், தோட்டக்காரர் வரை சேர்த்து ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். "இரவு ஒரு மணிக்கு, குடிக்காமல், சடங்குக் கூடத்துக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டால்தான் உண்மையான எண் வரும். அதிலும் பெண்கள் எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி. இந்தத் துறையில் வைத்தியர்களும் நடத்துபவர்களும் பெண்களிடம் அத்துமீறிய சம்பவங்கள் பல வெளியே வந்திருக்கின்றன. தாவர மருந்துகளைப் பற்றி வேலை செய்யும் சக்ருனா இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு இதற்கென்றே ஒரு வழிகாட்டி தயாரித்து வெளியிட்டிருக்கிறது. பெண் உதவியாளர்களை வைப்பது, பெண்களுக்குத் தனித் தங்குமிடம் தருவது, வைத்தியரோடு யாரும் தனியாக இருக்க நேராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் கூடுதல் சம்பளம், கூடுதல் கட்டடம். இந்தச் செலவை ஒரு மையம் விலையில் சேர்த்திருந்தால் நான் கொடுப்பேன்.

50 டாலர் சடங்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வைத்தியர் போலி என்று அர்த்தமில்லை. பல வருடங்கள் டயட்டா என்ற பத்தியம் இருந்து, உப்பு, சர்க்கரை, துணை எல்லாம் விலக்கிக் கற்றவராக இருக்கலாம். ரிசார்ட்டில் பாடுபவருக்கு அவர் அண்ணனாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் தனி ஆள். உங்கள் மொழி அவருக்குத் தெரியாது, அவருடைய மொழி உங்களுக்குத் தெரியாது. உங்கள் மருந்துச் சீட்டை அவர் படிக்கப் போவதில்லை. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் படகா, மோட்டார் ரிக்‌ஷாவா, எவ்வளவு நேரம் என்று நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும். இகிடோஸ், புகால்பா பகுதிகளில் வழியிலேயே வந்து "அயவாஸ்கா வேண்டுமா?" என்று கூப்பிடுபவர்கள் வேறு ரகம், அவர்களை விட்டுவிடலாம்.

வேண்டாம் என்று சொல்லும் செலவு

சக்ருனா இலையில் இருப்பது டிஎம்டி என்ற மனமயக்கப் பொருள். அதை மட்டும் குடித்தால் ஒன்றும் ஆகாது. வயிற்றிலும் ஈரலிலும் இருக்கும் மோனோஅமின் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடும். கொடியில் இருக்கும் ஹார்மின், ஹார்மலின் போன்றவை அந்த நொதியைத் தடுக்கின்றன, அதனால்தான் கஷாயம் வேலை செய்கிறது. ஆனால் அதே தடுப்பு, ஒருவர் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு மோதும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், டிராமடால் போன்ற வலி மருந்துகள், இருமல் சிரப்பில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் எல்லாம் இதோடு சேர்ந்தால், உடலில் செரட்டோனின் மிகையாகும் செரட்டோனின் சிண்ட்ரோம் வரலாம். அது உயிர் போகும் விஷயம். இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், சைக்கோசிஸ், பைபோலார் போன்ற மனநோய் வரலாறு உள்ளவர்களுக்கும் இது கூடாது. சைலோசைபினிலும் லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு.

இதைச் சரியாக வடிகட்டப் பணம் செலவாகும். விண்ணப்பப் படிவம், அதைப் படிக்க ஒரு மருத்துவர், வீடியோ அழைப்பு, சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரின் கடிதம், மையத்தில் ஒரு செவிலியர். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு, அது எந்தப் பில்லிலும் வராது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்படுபவர்களால் போகும் வருமானம். மனச்சோர்வோடு இருப்பவர்கள்தான் இந்த ரிட்ரீட்டுகளைத் தேடி அதிகம் வருகிறார்கள், அவர்களில் கணிசமானவர்கள் மாத்திரையில் இருப்பவர்கள். அவர்களை மறுத்தால் படுக்கை காலியாகக் கிடக்கும். காலிப் படுக்கையைத் தாங்கும் அளவுக்கு மற்றவர்களிடம் விலை வைத்தால்தான் மையம் நேர்மையாக மறுக்க முடியும். மலிவான இடங்களில் யாரையும் மறுப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. விலை கூடிய சில இடங்களிலும் படிவம் ஒரு சம்பிரதாயமாகவே இருக்கிறது என்பதுதான் எரிச்சல்.

சோதிக்க ஒரு கேள்வி போதும்: "நான் ஃப்ளூயோக்செட்டின் சாப்பிடுகிறேன், எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும்?" அந்த மருந்து உடம்பிலிருந்து முழுதாக வெளியேற ஐந்து வாரமாவது ஆகும். மற்ற பல எஸ்எஸ்ஆர்ஐகளுக்கு இரண்டு வாரம் என்பார்கள். எதையும் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது, குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும். "மூன்று நாள் முன்னாடி விட்டால் போதும்" என்று பதில் வந்தால், அந்த இடம் 500 டாலராக இருந்தாலும் 5,000 டாலராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். பதில் வரும் வேகத்தையும் கவனியுங்கள். முன்பணம் கட்டும் இணைப்பு முதலில் வந்து, உடல்நலப் படிவம் பிறகு வந்தால், அவர்கள் வரிசை புரிந்துவிடும்.

இபோகெய்ன்: விலை கூடியிருந்தே ஆக வேண்டிய இடம்

எல்லாச் செடிக்கும் ஒரே நியாயம் பொருந்தாது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ப்விட்டி மரபினர் பயன்படுத்தும் இபோகா வேர்ப்பட்டையிலிருந்து வருவது இபோகெய்ன். ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கத்தை விட நினைப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் தடை, அதனால் எல்லையைத் தாண்டி மெக்சிகோவில் கிளினிக்குகள் நடக்கின்றன. விலை 5,000 டாலரில் ஆரம்பித்து 10,000, 15,000 வரை போகிறது.

இங்கே அந்த விலைக்குக் காரணம் இதயம். இபோகெய்ன் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும், நீண்டால் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். உடல் அதை மாற்றி உண்டாக்கும் நோரிபோகெய்ன் பல நாள் உள்ளேயே தங்குவதால் ஆபத்து ஒரு இரவோடு முடிவதும் இல்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, 1990 முதல் 2008 வரை மேற்கு மத்திய ஆப்பிரிக்காவுக்கு வெளியே இபோகெய்னோடு தொடர்புள்ள 19 மரணங்களை அலசியது. பலருக்கு முன்பே இதயக் கோளாறு இருந்தது, அல்லது வேறு போதைப்பொருள் உடம்பில் இருந்தது. அதாவது, முன்கூட்டியே பார்த்திருந்தால் பலரிடம் பிடிபட்டிருக்கக் கூடிய காரணங்கள். 2024-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு 30 முன்னாள் ராணுவ வீரர்களிடம் நடந்த சிகிச்சையை ஆராய்ந்து வெளியிட்டபோது, இதயத்தைக் காக்க மெக்னீசியமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

ஆக, இபோகெய்னுக்கு ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, தொடர்ந்து ஓடும் இதயக் கண்காணிப்புக் கருவி, அவசர சிகிச்சை தெரிந்த மருத்துவர், பல நாள் படுக்கை எல்லாம் கட்டாயம். இதைக் கொடுக்கிறேன் என்று 1,500 டாலர் விலை சொல்பவர் எதை விட்டுவிட்டார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அயவாஸ்காவில் மலிவான நல்ல இடம் இருக்க முடியும். இபோகெய்னில் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். செடியின் விலையும் இங்கே கொஞ்சம் கணக்கில் வரும். இபோகா மெதுவாக வளரும், காபோன் அதைத் தேசியப் பாரம்பரியமாக அறிவித்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் வோகாங்கா ஆஃப்ரிகானா என்ற வேறொரு மரத்திலிருந்து எடுத்து மாற்றித் தயாரிக்கும் இபோகெய்னும் புழக்கத்தில் இருக்கிறது. எது தருகிறார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

சட்டம் விலையை எப்படி ஏற்றுகிறது, எப்படி இறக்குகிறது

டிஎம்டி, சைலோசைபின், சில கள்ளிச்செடிகளில் இருக்கும் மெஸ்கலின் மூன்றுமே, மனநிலையை மாற்றும் பொருள்கள் பற்றிய 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் முதல் அட்டவணையில் இருப்பவை. ஆனால் நாட்டுக்கு நாடு நடைமுறை வேறு. அந்த வேறுபாடு விலையில் நேரடியாகத் தெரியும்.

பெருவில் 2008-இல் அயவாஸ்காவின் மரபு அறிவையும் பயன்பாட்டையும் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். ஒளிந்து நடத்த வேண்டியதில்லை, வக்கீல் செலவு இல்லை, வைத்தியர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். விலை குறைவாக இருக்க இது ஒரு காரணம். இன்னொரு பக்கம், ஒரு மையத்தை யார் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்ற நிலையும் இதனால்தான். 2025-இல் அமெரிக்கத் தூதரகம் பெருவில் அயவாஸ்காவைத் தவிர்க்கும்படி தன் குடிமக்களை எச்சரித்தது. ஜமைக்காவில் சைலோசைபின் காளான் எப்போதுமே தடை செய்யப்படவில்லை, அங்கே விலையைத் தீர்மானிப்பது சட்டத்தைவிடக் கடற்கரை.

இதற்கு நேர் எதிர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் சைலோசைபின் சேவையை அனுமதித்தார்கள், 2023 கோடையில் மையங்கள் திறந்தன. ஒரே ஒரு அமர்வுக்கு 1,000 முதல் 3,000 டாலர் வரை ஆகிறது. தங்குமிடம் கிடையாது, காடு கிடையாது, ஒரு பகல்பொழுது மட்டும். ஏன் இவ்வளவு? மையத்தின் உரிமக் கட்டணம் வருடத்துக்கு 10,000 டாலர். கூட இருந்து நடத்துபவருக்குத் தனி உரிமம், அதற்கு வருடத்துக்கு 2,000. அதற்கு முன் கட்டாயப் பயிற்சி, அதற்கும் பணம். காளானை உரிமம் பெற்றவர்தான் வளர்க்கலாம், உரிமம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே கொடுக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் மத்திய அரசின் பார்வையில் இது இன்னும் தடைப் பொருள் என்பதால், வருமான வரிச் சட்டத்தின் 280-இ பிரிவின்படி சாதாரண வியாபாரச் செலவுகளைக்கூடக் கழிக்க முடியாது. வாடகையும் சம்பளமும் கொடுத்த பணத்துக்கும் வரி கட்டுகிறார்கள். திறந்த மையங்களில் சில இந்தச் சுமை தாங்காமல் மூடிவிட்டன.

ஓரிகன் விலையைப் பார்த்துக் கொள்ளை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே அளவு மில்லிகிராம் கணக்கில் தெரியும், ஓர் அமர்வுக்கு 50 மில்லிகிராம் சைலோசைபினுக்கு மேல் இல்லை, பிரச்சினை என்றால் புகார் சொல்ல ஒரு அரசு அலுவலகம் இருக்கிறது. காட்டில் இந்த மூன்றும் இல்லை. ஆனால் ஓரிகனில் வைத்தியரின் பாட்டு இல்லை, ஒரு வாரம் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கி இருப்பதும் இல்லை. சிலருக்கு அதுதான் முக்கியம்.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 2023 ஜூலை 1 முதல் அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் சைலோசைபினைப் பரிந்துரைக்கலாம் என்று வைத்தது. மற்ற சிகிச்சைக்கு அடங்காத மனச்சோர்வுக்கு மட்டும். முழுச் சிகிச்சைக்கும் 20,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகிறது என்று அங்கே பேச்சு. மருத்துவர்களின் நேரம்தான் அதில் பெரும்பங்கு. சொல்லப்போனால் இதுவும் தலைக்கணக்குதான், தலைகளின் சம்பளம் மட்டும் வேறு.

விலையே இல்லாத வழிகளும் இரண்டு உண்டு, ஒப்பீடுகளில் இவற்றை யாரும் சேர்ப்பதில்லை. பிரேசிலில் அயவாஸ்காவை மத வழிபாட்டில் பயன்படுத்தலாம், வியாபாரம் செய்யக் கூடாது என்று 2010-இல் அரசு விதி வகுத்தது. சாண்டோ டைம், உனியாவோ டோ வெஜிடல் போன்ற சபைகள் உறுப்பினர்களின் பங்களிப்பில் நடக்கின்றன. ஆனால் அது வழிபாடு. சிகிச்சைக்கென்று ஒரு வாரம் வந்துவிட்டுக் கிளம்பும் இடம் அல்ல. மற்றொன்று, பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பரிசோதனைகள். சேர்ந்தால் பணம் கட்டத் தேவையில்லை, கண்காணிப்பு உயர்தரம். தகுதி வரம்பு கடுமை, டம்மி மாத்திரை கிடைக்கவும் வாய்ப்புண்டு. மனச்சோர்வுக்குத் தீர்வு தேடுபவர், முகாமுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

நடுவில் இருப்பவர்

இது பலருக்குத் தெரியாத ஒரு செலவு. யோகா ஆசிரியரோ, வாழ்க்கைப் பயிற்சியாளரோ, சமூக ஊடகத்தில் நிறையப் பேர் பின்தொடரும் ஒருவரோ, ஒரு மையத்தை வாரக் கணக்கில் மொத்தமாக எடுத்து, தன் பெயரில் ஆள் சேர்க்கிறார். மையம், வைத்தியர், கஷாயம், உணவு எல்லாம் அதேதான். நேரடியாகப் போனால் ஒரு விலை, இவர் வழியாகப் போனால் அதைவிட ஆயிரம் டாலர்கூட அதிகம். அந்த ஆயிரத்துக்கு அவர் முன்தயாரிப்புக் கூட்டம், பின்கவனிப்பு, மொழிபெயர்ப்பு என்று உண்மையிலேயே வேலை செய்கிறார் என்றால் சரி. சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதற்குத்தான் என்றால், மையத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு நேரடி விலையைக் கேட்டுவிடலாம். பதிவுத் தளங்களும் கமிஷன் எடுக்கின்றன. அங்கே வரும் நட்சத்திர மதிப்பீடுகள் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பிய சூட்டில் எழுதியவை, ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று அவற்றில் இருக்காது.

அறை, குளம், மசாஜ், ஜூஸ் வகைகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலையில் பாதி இதற்கே போகலாம். டயட்டா விதிப்படி உப்பும் எண்ணெயும் இல்லாத சாப்பாடு சாப்பிடப்போகும் வாரத்தில் நட்சத்திர சமையல்காரர் எதற்கு என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. ஆனால் தனியறை, தனிக் கழிப்பறை இரண்டும் ஆடம்பரம் இல்லை. சடங்கு முடிந்த விடியற்காலையில் பத்துப் பேரோடு ஒரு கழிப்பறைக்கு வரிசையில் நிற்பதை யோசித்தால் புரியும்.

ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது

ஏழு நாளில் நாலு சடங்குக்கு 1,800 டாலர். ஐந்து நாளில் இரண்டு சடங்குக்கு 1,400 டாலர். இரண்டாவது மலிவாகத் தெரிகிறது. சடங்குக் கணக்கில் போட்டால் முதலாவது 450, இரண்டாவது 700. அதனால் முதலாவதே லாபம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதல்முறை போகிறவருக்கு அடுத்தடுத்து நாலு இரவு என்பது பாரம். இடையில் ஓய்வு நாள் எத்தனை, அந்த நாளில் பேசுவதற்கு ஆள் இருக்கிறாரா, அவருக்கு மனநலப் பயிற்சி ஏதாவது உண்டா என்பதைப் பார்த்தால் 700 நியாயமாகவும் இருக்கலாம். ரிட்ரீட் முடிந்த பிறகு நடக்கும் பின்கவனிப்பையும் இங்கேதான் சேர்க்க வேண்டும். மூன்று மாதத்தில் நாலு தனிப்பட்ட உரையாடல் என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நூறு பேர் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ப்பது பின்கவனிப்பு ஆகாது.

பில்லுக்கு வெளியே ஆகும் செலவையும் மறக்கக் கூடாது. இகிடோஸுக்கு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து சாலையே கிடையாது. லிமாவிலிருந்து விமானம், இல்லாவிட்டால் நாள்கணக்கில் படகு. அங்கிருந்து மையத்துக்கு மறுபடியும் படகு. அமேசான் பகுதிக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் இந்த மாதிரிப் பொருள்களால் வரும் பிரச்சினைக்குப் பணம் தராது. முன்னும் பின்னும் இரண்டு நாள் விடுதி, வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம், ஊர் திரும்பியபின் மனநல ஆலோசகர். இதையெல்லாம் கூட்டினால், 1,000 டாலருக்கு அமேசான் போவதும், 2,000 யூரோவுக்கு நெதர்லாந்து போவதும், ஐரோப்பாவில் வசிக்கும் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரே தொகையாகிவிடும். நெதர்லாந்தில் ட்ரஃபிள் மட்டும்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2019-இல் அங்கே உச்ச நீதிமன்றம் அயவாஸ்காவுக்கு மத விலக்கு கிடையாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அங்கே இன்னும் யாராவது அயவாஸ்கா ரிட்ரீட் விற்றால், விலையில் சட்ட ஆபத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

யாருக்கு எது

மாத்திரை எடுப்பவர், முன்பு மனநோய் கண்டவர், இதயக் கோளாறு உள்ளவர் என்றால் எந்த விலையிலும் காட்டு முகாம் வேண்டாம். முதலில் தன் மருத்துவர், பிறகு மருத்துவப் பரிசோதனை, அல்லது மருத்துவர் மேற்பார்வையில் சட்டப்படி நடக்கும் சிகிச்சை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

உடல் நலமாக இருந்து, ஷிபிபோ மரபையே நேரில் அறிய வேண்டும் என்பவருக்குப் பெருவில் 1,200 முதல் 2,500 டாலர் வாரத்தில், 15 பேருக்கு மேல் சேர்க்காத மையங்கள் சரியாக வரும். அந்தப் பணத்தில் வைத்தியர்களுக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்கலாம். வெளிநாட்டவர் நடத்தும் சில மையங்களில் விருந்தாளி ஒருவர் கட்டுவதில் சிறு துண்டுதான், இரவு முழுக்கப் பாடும் வைத்தியருக்குப் போகிறது. ஷிபிபோ குடும்பங்களே நடத்தும் மையங்களும் இருக்கின்றன. அங்கே மருத்துவ வடிகட்டல் எப்படி என்று மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருவின் டரபோட்டோ நகரத்தில் 1992-இல் ஆரம்பித்த டகிவாசி போன்ற இடம் வேறு வகை. போதைப் பழக்கத்துக்கு மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை, செடி அதில் ஒரு பகுதி மட்டும். வார விலையோடு அதை ஒப்பிட முடியாது.

காடு, பூச்சி, படகு எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு அனுபவம், அளவு தெரிந்து, சட்டப்படி வேண்டும் என்பவருக்கு ஓரிகன் அல்லது நெதர்லாந்து. 5,000 டாலர் ரிசார்ட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். மையத்திலேயே மருத்துவர் இருக்கிறார், குழு 20-க்குள் என்றால் மட்டும் மேலே வரும்.

பணம் கட்டும் முன் கடைசியாக ஒரு வரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "வந்து சேர்ந்த பிறகு உங்கள் மருத்துவர் என்னை வேண்டாம் என்று சொன்னால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" ஒன்றுமே கிடைக்காது என்றால், பயணி தன் மாத்திரையை மறைக்கத்தான் அந்த விதி தூண்டும். பாதியாவது தருகிறவர்கள், அல்லது அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருகிறவர்கள், அந்தச் செலவை ஏற்கெனவே எல்லாருடைய விலையிலும் சேர்த்திருப்பார்கள். அந்த நூறு, இருநூறு டாலர் கூடுதலைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம்.